பெங்களூரில் ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டராகத் தொடங்குகிறவர்கள் ஆலோசனையும் துணையும் தேடிக்கொள்ளும் வழி

விளம்பர ஏஜென்சியில் மாதச் சம்பளத்துக்குக் காப்பிரைட்டராக, அதாவது விளம்பர வாசகம் எழுதுகிறவராக இருக்கும் காலத்தில் நமக்குப் பலர் துணை நிற்கிறார்கள். எழுதியதைப் படித்துவிட்டு இரண்டாவது வரி வேண்டாம் என்று சொல்ல ஒரு சீனியர் இருக்கிறார். கிளையன்டிடம் பேசி இன்னும் இரண்டு நாள் வாங்கித்தர ஒருவர் இருக்கிறார். இன்வாய்ஸ் அனுப்பிப் பணம் வரும்வரை விடாமல் கேட்பதற்குக் கணக்குப் பிரிவு இருக்கிறது. வேலையை விட்டு வீட்டிலிருந்து எழுதத் தொடங்கிய மறுநாளே இவர்கள் யாரும் பக்கத்தில் இருப்பதில்லை. பெங்களூரில் தமிழில் எழுதுகிறவருக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. நம் வாசகத்தை ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் பாராட்டு வந்தாலும் திருத்தம் வந்தாலும், அது எழுத்தின் தரத்தைப் பற்றியதுதானா என்று நமக்கு உறுதியாகத் தெரிவதில்லை.

நல்ல ஆலோசனை தற்செயலாகக் கிடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) தயாரிப்பதைப் போலவே ஆலோசனைக்கான ஆட்களைத் தேடிவைப்பதும் தொழிலின் ஒரு பகுதி. வேலை கையில் இருக்கும்போதே செய்யவேண்டியது. பணம் நின்றுபோன பிறகு, டெட்லைன் நெருங்கிய பிறகு தேடத் தொடங்கினால், முதலில் கிடைப்பவரின் வார்த்தையே வேதவாக்காகிவிடும்.

முதலில் கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, வேலை செய்யும்போது எழும் சந்தேகங்களை இரண்டு வாரம் அப்படியே குறித்துவாருங்கள். பிறகு பார்த்தால் அவை நான்கு வகையாகப் பிரியும். எழுத்து, வடிவமைப்பு சார்ந்தவை ஒரு வகை. கட்டணம், கிளையன்டின் நடத்தை, திருத்தங்களின் எண்ணிக்கை ஆகியவை இரண்டாவது வகை. வரி, ஒப்பந்தம், பதிப்புரிமை மூன்றாவது. தனிமை, சோர்வு, தொடர்வதா வேண்டாமா என்ற குழப்பம் நான்காவது. முதல் இரண்டுக்கும் தொழில்செய்கிற சகாக்களிடம் பதில் கிடைக்கும். மூன்றாவதுக்கு ஆடிட்டரும் வழக்கறிஞரும் வேண்டும். சக எழுத்தாளர் சொல்லும் வரி ஆலோசனை அவருடைய வருமானத்துக்குச் சரியாக இருந்து உங்கள் வருமானத்துக்குப் பொருந்தாமல் போகலாம். நான்காவதில் ஒரு பகுதியை நண்பர்கள் தாங்குவார்கள். ஒரு பகுதிக்கு அந்தத் துறையில் பயின்றவர்தான் தேவை.

இப்படிப் பிரித்துக்கொள்வதால் ஒரே குருவைத் தேடி அலையும் எண்ணம் போய்விடும். எல்லாம் தெரிந்த ஒருவர் கிடைப்பது அரிது. ஒவ்வொன்றும் தெரிந்த ஒவ்வொருவர் கிடைப்பது அவ்வளவு கடினமன்று.

ஆட்களை எங்கே தேடுவது

பழைய வேலையிடத்திலிருந்து தொடங்குங்கள். உடன் வேலைபார்த்த டிசைனர், தமிழ் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தவர், ரெக்கார்டிங் ஸ்டூடியோ பொறுப்பாளர், பிழைதிருத்துநர் ஆகிய அனைவரும் பல காப்பிரைட்டர்களோடு பழகியவர்கள். “தமிழில் தனியாக எழுதுகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?” என்று அவர்களிடம் கேட்டாலே இரண்டு மூன்று பெயர்கள் வந்துவிடும். அறிமுகத்தோடு போகும் முதல் அழைப்புக்குப் பதில் கிடைப்பது எளிது.

அடுத்து, பொது இடங்கள். விளம்பரத் தொழிலில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டுமானால் பெங்களூர் அட்வர்டைசிங் கிளப் நடத்தும் நிகழ்ச்சிகளைக் கவனித்து வாருங்கள். அல்சூர் ஏரியருகே உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தொழில் அமைப்பன்று; ஆனால் தமிழை ஊன்றிப் படிக்கிறவர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரர்கள் அங்கே வருகிறார்கள். ஒற்றுப்பிழையும் வாக்கியப் பிசகும் கண்ணில் படாமல் போகாத ஒருவர் நமக்குத் தேவை என்றால் அங்கே தேடுவது நல்லது. தொம்லூரில் உள்ள பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டரில் மொழி, ஊடகம் பற்றிய கூட்டங்கள் நடக்கின்றன. கோரமங்கலா, எச்எஸ்ஆர் லேஅவுட் பகுதிகளின் கோவொர்க்கிங் இடங்களில் ஒரு நாள் மட்டும் கட்டணம் செலுத்தி உட்காரும் வசதி உண்டு. தனியே எழுதும் சலிப்புக்கு அது மாற்றாக இருக்கும், ஆனால் அங்கே தமிழ் எழுத்தாளரைச் சந்திப்போம் என்று எதிர்பார்த்துப் போகவேண்டாம்.

பலரும் தவறவிடும் ஒரு வாய்ப்பைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஊரில் ஒரு விளம்பரத்துக்கான பிரீஃப் (என்ன எழுதவேண்டும் என்று ஏஜென்சி தரும் குறிப்பு) பெரும்பாலும் தமிழுக்கு மட்டும் வருவதில்லை. அதே பிரீஃப் கன்னடம், தெலுங்கு, மலையாளம் எழுதுகிறவர்களுக்கும் அதே நாளில் போகிறது. அந்த மூவரும் உங்களுக்குப் போட்டியாளர்கள் அல்லர், ஏனென்றால் உங்கள் வேலையை அவர்களால் செய்ய முடியாது. ஆனால் அதே கிளையன்ட் எத்தனை திருத்தம் கேட்பார், எத்தனை நாளில் பணம் தருவார், பிரீஃபில் சொல்லாமல் விட்ட விஷயம் எது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆங்கில மூலத்திலுள்ள ஒரு சிலேடை எந்தத் தென்னிந்திய மொழியிலும் நிற்காது என்று நான்கு பேரும் சேர்ந்து சொல்லும்போது ஏஜென்சி அதை எளிதில் ஏற்றுக்கொள்கிறது. ஒருவர் மட்டும் சொன்னால் அவருக்கு எழுத வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு பன்மொழி வேலை வரும்போது, மற்ற மொழிகளில் எழுதுகிறவர்கள் யார் என்று ஏஜென்சியிடம் கேட்டு, சொற்களும் தொனியும் ஒத்திருப்பதற்காகப் பேசிக்கொள்ள விரும்புகிறோம் என்று சொல்லித் தொடர்பு பெற்றுக்கொள்ளுங்கள். நியாயமான இந்தக் கோரிக்கையைப் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

இந்த நட்பு வேலையாகவும் திரும்பிவரும். சென்னையிலோ கோவையிலோ உள்ள ஒரு கடை பெங்களூரில் கிளை திறக்கும்போது, அறிமுகமான தமிழ் எழுத்தாளரைத்தான் முதலில் அழைக்கும். கர்நாடகத்தில் கடைப் பெயர்ப் பலகையின் 60 சதவீதம் கன்னடத்தில் இருக்க வேண்டும் என்று 2024இல் சட்டம் திருத்தப்பட்டுள்ளது. அதைக் கிளையன்டுக்கு எடுத்துச் சொல்லி, நம்பகமான கன்னட எழுத்தாளரையும் உடன் அழைத்துப் போகிறவருக்கு அடுத்த வேலையும் கிடைக்கும்.

கேட்கும் முறை

அனுபவமுள்ளவர்கள் பதில் எழுதாமல் விடுவதற்குப் பெரும்பாலும் காரணம், கேள்வி மிகப் பரந்ததாக இருப்பதுதான். “இந்தத் துறையில் எப்படி முன்னேறுவது?” என்று கேட்டால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய அளவுக்குக் கேள்வியைக் குறுக்கித் தருவது கேட்பவரின் கடமை. இப்படி எழுதலாம்:

“வணக்கம் மேடம். நான் பெங்களூரில் தமிழ் காப்பிரைட்டராக இருக்கிறேன். உங்களோடு வேலைபார்த்த டிசைனர் உங்கள் எண்ணைக் கொடுத்தார். சமையல் எண்ணெய் நிறுவனம் ஒன்றுக்கு 20 விநாடி வானொலி விளம்பரம் ஆறு எழுதித்தரும் வேலை வந்திருக்கிறது. ரெக்கார்டிங் அன்று ஸ்டூடியோவுக்கும் வரச் சொல்கிறார்கள். அந்த நாளுக்குத் தனியாகக் கட்டணம் போடுவது வழக்கமா, அல்லது எழுதும் கட்டணத்திலேயே சேர்த்துக்கொள்வதா? நேரமிருக்கும்போது இரண்டு வரி எழுதினால் போதும்.”

இதில் கேட்பவர் யார், யார் மூலம் வருகிறார், வேலை என்ன, எது தெரியவேண்டும் என்ற நான்கும் இருக்கின்றன. நிறுவனத்தின் பெயர் இல்லை. அது முக்கியம். வெளிவராத விளம்பரத்தைப் பற்றியோ, என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) கையெழுத்திட்ட வேலையைப் பற்றியோ கேட்கும்போது பெயரையும் பொருளின் தனித்த விவரங்களையும் நீக்கிவிட்டுக் கேளுங்கள். பதில் கிடைத்தபின் அதைப் பின்பற்றினீர்களா, என்ன நடந்தது என்று சில நாள் கழித்து ஒரு வரி எழுதுங்கள். அடுத்த கேள்விக்கு வழி திறப்பது அந்த ஒரு வரிதான்.

நாலைந்து பேர் கொண்ட வட்டம்

பெரிய வாட்ஸ்அப் குழுக்களில் வேலை அறிவிப்பு கிடைக்கும். ஆனால் நூற்றுக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில் தன் கட்டணத்தையும் தோல்வியையும் யாரும் திறந்து பேசமாட்டார்கள். அதற்கு நான்கு முதல் ஆறு பேர் கொண்ட சிறு வட்டம் வேண்டும். தமிழில் எழுதுகிறவர் இருவராவது இருக்கட்டும். பிறமொழி எழுத்தாளர் இருவர், தமிழ் எழுத்துருவோடு பழகிய டிசைனர் ஒருவர் சேர்ந்தால் வட்டம் நிறைவாக இருக்கும். மாதம் ஒருமுறை நேரில் சந்திப்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். பெங்களூர்ப் போக்குவரத்தை எண்ணி இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் அல்சூர், இந்திராநகர், கப்பன் பார்க் நிலையங்களுக்கு அருகே வைத்துக்கொண்டால் வைட்ஃபீல்டிலிருந்து வருகிறவரும் கெங்கேரியிலிருந்து வருகிறவரும் வண்டி மாறாமல் வந்துசேரலாம். சனிக்கிழமைக் காலையில் கப்பன் பார்க் மரநிழலே போதும், செலவும் இல்லை.

சந்திப்பில் என்ன செய்வது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது கிளையன்டுகளைக் குறைகூறும் கூட்டமாகச் சுருங்கிவிடும். எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றும் முறை இது: ஒருவர் தாம் எழுதி, ஏற்கெனவே வெளிவந்துவிட்ட ஒரு வாசகத்தைப் பிரீஃப் எதுவும் சொல்லாமல் வாய்விட்டுப் படிக்கிறார். மற்றவர்கள், அது யாரைப் பார்த்துப் பேசுகிறது, எதைச் செய்யச் சொல்கிறது என்று தாம் புரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறார்கள். அதன் பிறகே அவர் பிரீஃபை எடுத்துக் காட்டுகிறார். இரண்டுக்கும் உள்ள இடைவெளி அவருக்கே தெரிந்துவிடும். யாரும் புண்படுத்திப் பேச வேண்டியதில்லை.

தமிழ்க் காப்பி எழுதுகிறவர்களிடமிருந்து மட்டுமே கிடைக்கும் நுணுக்கங்கள் சில உண்டு. எஸ்எம்எஸ் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்தியில் 160 குறிகளுக்கு இடம் உண்டு, தமிழில் 70தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகி ஒவ்வொரு துண்டும் 67ஆகக் குறையும். கிளையன்டின் செலவும் ஏறும். நாம் கண்ணால் எண்ணுவதும் கணினி எண்ணுவதும் ஒன்றல்ல. “பணம் வந்தது” என்பதை இடைவெளியோடு சேர்த்து நாம் எட்டு என்று எண்ணுவோம். புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியே கணக்கிடும் கணினிக்கு அது 11. இதை அறியாத ஏஜென்சி ஆங்கிலச் செய்தியின் நீளத்துக்கே தமிழையும் கேட்கும்போது, காரணத்தோடு மறுத்துப் பேச இந்த எண்கள் உதவும். அதேபோல, டிசைனர் அடோபி மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி இடம் மாறும். தமிழ் தெரியாத டிசைனருக்கு அது தெரியாது. அப்படியே அச்சுக்கும் போய்விடும். எழுதியதை யூனிகோடில் அனுப்பும்போது கூடவே ஒரு பிடிஎஃப் அனுப்புவதும், அச்சுக்குப் போகுமுன் இறுதி வடிவத்தைப் பார்ப்பதற்கும் சேர்த்தே கட்டணம் பேசுவதும் இத்தகைய வட்டங்களில்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சேர்கின்றன.

கட்டணத்தைப் பற்றிப் பேசுவது

தயக்கம் மிகுந்த பேச்சு இதுதான், அதனாலேயே இதில் புதியவர்களுக்கு இழப்பு அதிகம். “நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்?” என்று நேராகக் கேட்பதைவிட, “இந்த அளவு வேலைக்கு எந்த எல்லைக்குள் கேட்பது வழக்கம்?” என்று கேட்டால் பதில் சொல்ல அவருக்கும் எளிது. தொகையோடு நிறுத்திவிடாமல் அதனோடு சேர்ந்தவற்றையும் கேளுங்கள்: எத்தனை திருத்தம் கட்டணத்துக்குள் அடங்கும், அட்வான்ஸ் எவ்வளவு, பாதியில் வேலை நின்றால் எவ்வளவு தரவேண்டும், தமிழ் தெரியாத மேலாளருக்காக ஆங்கிலத்தில் பொருள் எழுதித் தருவதற்குத் தனிக் கட்டணம் உண்டா.

சொல் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று வரும் வேலைகளில் கவனம் வேண்டும். நம் மொழியில் விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் சேர்ந்தே ஒரு சொல்லாகின்றன. ஆங்கிலத்தில் நான்கு சொற்களாக வருவது இங்கே ஒன்றாக முடிந்துவிடும். எழுதி முடித்த தமிழை எண்ணிப் பணம் கேட்டால் உழைப்பு அதேதான், வருமானம் குறைவு. ஆகவே ஆங்கில மூலத்தின் சொற்களை எண்ணுங்கள், அல்லது வேலை முழுவதற்கும் ஒரு தொகை பேசுங்கள். விளம்பரத் தலைப்புக்குச் சொல் கணக்கு எந்த நிலையிலும் பொருந்தாது; மூன்று சொல் வரியை எட்ட ஒரு நாள் முழுவதும் போகலாம்.

காசு கொடுத்துக் கேட்க வேண்டிய ஆலோசனை

ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆடிட்டருடன் ஒரு மணி நேரம் உட்காருங்கள். போகுமுன் இவை உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேள்விகள் கூர்மையாகும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். விளம்பரச் சேவைக்கான வரி 18 சதவீதம். தொழில்முறைக் கட்டணம் என்று ஒரே நிறுவனம் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தரும்போது 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிக்கும். பிடித்ததை உங்கள் பான் எண்ணில் கட்டிவிட்டதா என்று வருமான வரித் தளத்தில் நீங்களே பார்க்கலாம். வரவின் ஒரு பங்கை மட்டும் லாபமாகக் காட்டும் அனுமான வரி முறை காப்பிரைட்டருக்கு எந்தப் பிரிவின் கீழ் பொருந்தும் என்பதை ஆடிட்டரிடமே கேளுங்கள், ஏனெனில் தொழில்முறையாளர்களுக்கான பட்டியலில் நம் தொழிலின் பெயர் நேரடியாக இல்லை.

வராத பணத்துக்கு ஒரு சட்டத் துணை உண்டு, புதியவர்கள் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதாரும் பானும் கொண்டு இலவசமாகக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறுந்தொழில், சிறுதொழில் செய்பவரின் வேலையை ஏற்றுக்கொண்ட நிறுவனம் ஒப்பந்தத்தில் எந்தக் கெடு இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். எழுத்தில் கெடு இல்லையென்றால் 15 நாளுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி சேரும். இதற்கென மத்திய அரசு நடத்தும் இணையதளத்தில் புகார் தந்தால், இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் உங்கள் மாநிலத்தின் வசதியாக்கக் குழுவுக்கு அது போகும். கிளையன்ட் மும்பையில் இருந்தாலும் நீங்கள் பெங்களூரிலிருந்தே கோரலாம். பதிவை முதல் வேலைக்கு முன்பே செய்துவைப்பது பாதுகாப்பானது. இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்பினால், புகாருக்கே போகாமல் பணம் வந்துவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு.

ஒப்பந்தத்தில் பதிப்புரிமைப் பகுதியைப் புரிந்துகொள்ள ஒருமுறை வழக்கறிஞரைப் பாருங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். வெளிவந்த விளம்பரத்தைப் போர்ட்ஃபோலியோவில் காட்டும் அனுமதியையும் அதே தாளில் கேட்டு வாங்குங்கள். வழக்கறிஞர் கட்டணம் கட்டுப்படியாகாதபோது சட்ட உதவி ஆணையத்தின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

விலகியிருக்க வேண்டியவை

வேலை தருவதற்கு முன்பணம் கேட்கிறவர்களிடமிருந்தும், மாதம் லட்சங்கள் சம்பாதிக்கலாம் என்று சொல்லி வகுப்பு விற்கிறவர்களிடமிருந்தும் விலகியிருங்கள். முழு விளம்பரத் தொடரையே மாதிரியாக எழுதித் தரச் சொல்வது தேர்வன்று, வேலை. ஓரிரு வரிக்கு மேல் என்றால் கட்டணம் கேளுங்கள். உணவு, மருந்து, கடன் பற்றிய விளம்பரத்தில் எதைச் சொல்லலாம் என்ற சந்தேகத்துக்கு யாருடைய வாய்மொழியையும் நம்பவேண்டாம். 1985இல் தொடங்கப்பட்ட, ஆஸ்கி என்று அழைக்கப்படும் விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறைகள் எல்லாருக்கும் படிக்கக் கிடைக்கின்றன.

மனம் தளரும்போது

வேலை வராத மாதங்கள் எல்லாருக்கும் வரும். அதை வட்டத்தில் சொல்லுங்கள். யாருக்காவது கைக்கு மிஞ்சிய வேலை இருக்கலாம். ஆனால் தூக்கம் கெட்டு, எழுத உட்காரவே அச்சமாகி, அந்த நிலை வாரக்கணக்கில் நீடித்தால் நண்பர்களின் ஆறுதலோடு நிற்காதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்தச் சேவையின் தலைமை மையமான நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது.

வேலையைக் கைமாற்றிவிடும்போது

வட்டம் ஓராண்டைக் கடந்ததும் வேலைகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகத் தொடங்கும். மனத்தாங்கல் வருவதும் அப்போதுதான். ஆகவே முறையை முதல் சந்திப்பிலேயே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நேரமில்லாத வேலையை மறுக்கும்போது, கிளையன்டிடம் சக எழுத்தாளரின் பெயரைச் சொல்லுமுன் அவரிடம் சம்மதம் கேளுங்கள். இருவரையும் ஒரே மின்னஞ்சலில் அறிமுகப்படுத்திவிட்டு, அந்த உரையாடலிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். கட்டணத்தை அவர்களே பேசட்டும். பங்கு எடுத்துக்கொள்வதானால் எத்தனை சதவீதம், முதல் வேலைக்கு மட்டுமா தொடர்ந்தா என்று முன்கூட்டியே முடிவாக வேண்டும். தற்காலிகமாக உங்களுக்குப் பதிலாக எழுதியவரை அந்தக் கிளையன்ட் மறுமுறை நேராக அழைத்தால் அவர் என்ன செய்யவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். பெரும்பாலான வட்டங்களுக்கு, முதலில் வேலையைக் கொண்டுவந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏற்றுக்கொள்வது போதுமானதாக இருக்கும்.